மாசம் ஒரு ஊசி

கிராம சுகாதார செவிலியராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் தப்பாகப் போட்ட ஊசி எது என்று கேட்டால் தெரியும். மருந்து சரி, டோஸ் சரி, போட்ட இடம் சரி, பதிவும் சரி. அப்படியிருந்தும் அது தப்பான ஊசி. இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், செல்போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. மூன்று குடும்பம், இரண்டு ஃபார்மேட்

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பிளாக் சூப்பர்வைசர் சார் போன் செய்தார்.

"வளர்மதி, உங்க ஏரியா கேம்புக்கு மூணு ஃபேமிலி புதுசா வந்திருக்காங்க. சிலோன்ல இருந்து போட்ல வந்தவங்க. மண்டபம் கேம்ப்ல நாலஞ்சு மாசம் வெச்சிருந்துட்டு, சொந்தக்காரங்க இங்க இருக்காங்கன்னு அனுப்பிச்சிருக்காங்க. புதன்கிழமை ஸ்கிரீனிங் முடிச்சு, ஊசி பென்டிங் இருந்தா போட்டு, ஃபார்மேட்ட ஃபில் பண்ணி அனுப்பிடுங்க."

"எந்த ஃபார்மேட்டுங்க சார்?"

"அனுப்பறேன்."

இரண்டு வந்தன. ஒன்று செங்கல் சூளைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கானது. இன்னொன்று பெரிய எக்செல் ஷீட், பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. எதை நிரப்புவது என்று திரும்பக் கேட்டேன். "ரெண்டையுமே பண்ணிடுங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

கேம்ப் என்பது தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே இருப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். பேச்சும் நம் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. சந்தையில் பார்த்தால் யார் கேம்ப், யார் ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் புதிதாக வந்தவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். கிரானைட் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களைப் பார்க்கப் போகும்போது நான் மறக்காமல் பேச்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இவர்களுக்கு அப்படி ஒருவர் தேவை என்று தோன்றவே இல்லை. தமிழ்தானே.

2. நனைந்த கார்டு

டாக்டர் மேடத்துக்கு அன்று வேறு இடத்தில் மருத்துவ முகாம் இருந்தது. நானும் லேப் டெக்னீஷியனும் போனோம். முதல் இரண்டு குடும்பமும் பெரியவர்கள், சீக்கிரம் முடிந்தது. மூன்றாவது வீட்டில் ஜெயந்தினி என்ற பெண்ணும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். மகள் தர்சிகாவுக்குப் பன்னிரண்டு வயது. பையன் கவிசனுக்கு ஒரு வருடம் நாலு மாதம். அவர்களைத் தன் வீட்டில் வைத்திருந்த அக்கா புவனேஸ்வரி மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிருந்தாள். சீசன் நேரம், லீவ் கிடைக்காது.

"வாங்கோ மிஸி, இருங்கோ" என்றாள் ஜெயந்தினி.

"நான் டீச்சர் இல்லீங்க. நர்ஸு."

"ஓம் மிஸி."

அவர்கள் ஊரில் நர்சைத்தான் மிஸி என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தப் பெண்ணுக்குச் சொன்னது ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

பையனின் கார்டை பாலிதீன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். படகுக்காரன் அவர்களை நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே இறங்கும்போது பையில் தண்ணீர் போய்விட்டது. கார்டில் பாதி எழுத்து கரைந்து ஊதாவாகப் பரவியிருந்தது. மீதியில் தேதிகள் தெரிந்தன. முதல் ஊசி இரண்டாவது மாதம். அடுத்தது நாலாவது மாதம். பிறகு ஆறு. நம் ஊரில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடுவோம். ரோட்டா, பி.சி.வி. என்ற தடுப்பு மருந்துகள் இரண்டும் கார்டிலேயே இல்லை.

"என்னங்க இது, ஒவ்வொரு ஊசியும் லேட்டா போட்டிருக்கீங்க? புள்ளைக்கு எதாச்சும் ஆயிருந்தா? ரெண்டு மருந்து போடவே இல்ல" என்று சத்தம் போட்டேன்.

"கிளினிக்கில சொன்ன நாளுக்குத்தான் கொண்டு போனனாங்கள் மிஸி" என்றாள்.

அவர்கள் நாட்டு அட்டவணையே இரண்டு, நாலு, ஆறு மாதம்தான், அந்த இரண்டு மருந்தும் அதில் கிடையாது என்று டாக்டர் அப்புறம் சொன்னார். அந்தப் பெண் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நான் கார்டின் ஓரத்தில் 'தாமதம்' என்று எழுதியிருந்தேன்.

அடுத்து மகள். அவளுக்குக் கார்டே இல்லை. அவளுடைய கொப்பி கடலில் போய்விட்டது என்றார்கள். கொப்பி என்றால் நோட்டு. சரி, ஸ்கூல் நோட்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஃபார்மேட்டில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

"தட்டம்மை வந்திருக்குதுங்களா?"

"இல்ல மிஸி. சின்னமுத்து வந்தது, சின்னனில."

"டைபாய்டு?"

"அது தெரியாது. நெருப்புக் காய்ச்சல் ஒருக்கா வந்தது."

தட்டம்மை இல்லை, டைபாய்டு இல்லை, சாதாரணக் காய்ச்சல் என்று எழுதினேன். சின்னமுத்துதான் தட்டம்மை, நெருப்புக் காய்ச்சல்தான் டைபாய்டு. நான் தமிழில் கேட்டேன், அவள் தமிழில் பதில் சொன்னாள், இரண்டுமே தப்பாகப் பதிவானது.

அப்புறம் அவள் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மூத்தவளுக்கு வருத்தம் இருக்கு மிஸி. நெஞ்சில."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "அவங்கப்பா எங்கம்மா?"

"அங்க நிக்கிறார். தாயைப் பாக்க வேற ஆளில்ல."

"வருத்தம் இருக்காதா பின்ன. அப்பாவ விட்டுட்டுக் கடல் தாண்டி வந்திருக்குது. புள்ள ஸ்கூலுக்குப் போயி நாலு பேரோட பழகினா எல்லாம் சரியாப் போயிடும்ங்க."

"தன்பாட்டில சரியாப் போகுமே மிஸி?"

"போயிடும்ங்க."

அவள் முகம் மாறியது. நான் சமாதானம் சொன்னதைக் கேட்டு மனசு லேசாகிறது என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தாள்.

"மாசம் ஒரு ஊசி போட்டது. இங்கால வந்த பிறகு போடேல்ல."

பையனுடைய ஊசியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மாதா மாதம் என்ன தடுப்பூசி? பத்து வயதுக்கு ஒரு டிடி, அதாவது டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசி; பதினாறு வயதுக்கு இன்னொரு டிடி. பத்து வயதில் போட்டதற்குச் சான்று இல்லை. அதனால் இப்போது போட வேண்டும்.

"நான் போட்டுடறேன்ங்க, கவலைப்படாதீங்க."

"இதுதானே அந்த ஊசி?"

"அதேதாங்க."

தர்சிகாவின் கையில் போட்டேன். அவள் ஆச்சரியமாகத் தன் கையைப் பார்த்தாள். "அம்மா, இது நோகேல்ல. அது இடுப்பில போடுறது, நல்லா நோகும்" என்றாள்.

"நான் போட்டா வலிக்காது பாப்பா" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

"அடுத்தது எப்ப மிஸி?"

"இனி பதினாறு வயசுலதாங்க."

"பதினாறு வயசு மட்டும் தேவையில்லையோ?"

பதினாறு வயதில் மட்டும்தானா என்று கேட்கிறாள் என நினைத்து, "ஆமாங்க" என்றேன். பதினாறு வயது வரைக்கும் வேண்டாமா என்பதுதான் அவள் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பதிவேட்டில் இப்படி எழுதினேன்: 'நோய் எதுவும் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் மன வருத்தம். ஆறுதல் கூறப்பட்டது.'

3. எல்லாம் பச்சை

சளி டெஸ்ட், மலேரியாவுக்கு ரத்தத் தடவல், ஹீமோகுளோபின் எல்லாம் வந்தன. பயப்படும்படி எதுவும் இல்லை. பையனுக்கு அங்கே ஒன்பதாவது மாதம் போட்ட எம்.எம்.ஆர். என்ற தட்டம்மை ஊசியை நம் எம்.ஆர். முதல் டோஸாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குச் சந்தேகம். டாக்டர் எங்கேயோ போன் செய்து கேட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாவது டோஸையும் டி.பி.டி. பூஸ்டரையும் போட்டோம். அவர்கள் ஊர் அட்டவணைப்படி பூஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"இப்ப நம்ம ஊர்ல இருக்காங்க சிஸ்டர், நம்ம ஷெட்யூல்" என்றார் டாக்டர். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இருந்தாலும் நிதானமானவர்.

போர்ட்டலில் ஏற்றுவதுதான் பெரிய பாடு. அடையாள எண் கேட்டது. அவர்களிடம் இல்லை. சொந்த ஊர் எந்த மாவட்டம் என்று கேட்டது. அவர்கள் ஊர் இலங்கையில் தலைமன்னார், அது பட்டியலில் எப்படி இருக்கும்? கடைசியில் தர்மபுரி என்றே போட்டேன். எல்லாக் கட்டமும் பச்சையாக மாறியது. "உங்க ஏரியாதான் ஃபர்ஸ்ட் கம்ப்ளீட்" என்று சூப்பர்வைசர் சார் குரூப்பில் மெசேஜ் போட்டார். கை கூப்பிய படம் ஒன்று பதிலாக அனுப்பினேன்.

4. முட்டி வீக்கம்

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி. வரிசையில் தர்சிகாவைப் பார்த்தேன். பெரியம்மா புவனேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். காய்ச்சல். வலது முட்டி வீங்கிச் சிவந்திருந்தது. நாலு நாள் முன்பு கணுக்காலில் வலி இருந்ததாம், அது போய் இங்கே வந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தபோதே மூச்சு வாங்கியது. பின்னால் ஜெயந்தினி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்கூல்ல விழுந்துட்டாளாங்க?" என்று கேட்டேன்.

"விழவெல்லாம் இல்லீங்க மேடம்" என்றாள் புவனேஸ்வரி. அவள் பத்து வயதில் இங்கே வந்தவள், பேச்சு நம் பேச்சுதான். "பழைய வருத்தம் திரும்ப வந்துருச்சோன்னு தங்கச்சி பயப்படறா."

"அந்த வருத்தத்துக்கும் முட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வருத்தம்னா எங்க ஆளுங்க பேச்சுல நோய்ங்க மேடம். இங்க வந்து இத்தன வருசத்துல நான் அப்படிப் பேசறத விட்டுட்டேன். அவ இப்பத்தானே வந்திருக்கா. பாப்பாவுக்கு நெஞ்சுல நோய் இருக்குது. அங்க வாதக் காய்ச்சல்னு சொல்லி மாசா மாசம் இடுப்புல ஊசி போட்டிருக்காங்க. நீங்க வந்தன்னைக்கு அதைச் சொன்னேன்னு சொல்றாளே."

எனக்கு உடனே விளங்கியது என்று சொன்னால் பொய். நெஞ்சு, மாசம் ஒரு ஊசி, இடுப்பில் போடுவது, கடலில் போன கொப்பி என்று அன்று கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அந்தக் கொப்பி ஆஸ்பத்திரி நோட்டு.

டாக்டரிடம் ஓடினேன். அவர் தர்சிகாவின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இதைக் கேட்டுப் பாருங்க."

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஓட்டையில் காற்று போவது போல ஒரு சத்தம். எனக்கே கேட்டது. அன்றைக்கு ஸ்டெத் வைத்திருந்தால் அன்றைக்கும் கேட்டிருக்கும்.

"ருமாட்டிக் ஹார்ட். அவங்க சொன்ன வாதக் காய்ச்சல்னால வர்றது" என்றார் டாக்டர். "தொண்டைல கிருமி வந்தா சில புள்ளைங்களுக்கு அது இதய வால்வைத் தாக்கும். அது திரும்ப வராம இருக்கத்தான் பென்சிலின் ஊசி. எத்தனை மாசமா போடல?"

மண்டபத்தில் இருந்த காலத்தையும் சேர்த்தால் அரை வருடம் தாண்டியிருந்தது. "நான் போட்டது டிடி மேடம்" என்றேன். "இதுதான் அந்த ஊசியான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

டாக்டர் உடனே நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்.

5. ஜி.எச்.சில்

தர்மபுரி ஜி.எச்.சில் இரண்டு வாரம் இருந்தாள். எக்கோ எடுத்தார்கள். ஒரு வால்வு கெட்டிருந்தது. எந்த அளவுக்கு முன்பே கெட்டது, எந்த அளவுக்கு இந்த மாதங்களில் கெட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழைய எக்கோ இருந்த கொப்பியும் கடலில். இதய டாக்டரிடம் இரண்டு தடவை நேராகவே கேட்டேன். "தெரியலம்மா" என்றார். எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் டியூட்டி முடிந்து பஸ் பிடித்துப் போனேன். வார்டுக்கு வெளியே ஜெயந்தினி பையனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று யோசிக்காமலேதான் போயிருந்தேன்.

"தப்பு என் மேலதாங்க. நீங்க சொன்னது எனக்குப் புரியல. புரியலன்னும் எனக்குத் தெரியல."

அவள் பையனின் சட்டையைச் சரி செய்தாள். பிறகு சொன்னாள்.

"மண்டபத்தில நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல மிஸி. வருத்தக்காரப் பிள்ளை எண்டு சொன்னா அக்காவிட்ட அனுப்பாம மறிச்சு வைச்சிருவினம் எண்டு பயந்திட்டன். இங்க வந்தாப் பிறகு உங்களுக்குத்தான் முதல் முதல் சொன்னனான்."

மடியில் சிணுங்கிய பையனைத் தட்டிக்கொடுத்தபடியே மேலே சொன்னாள்.

"நீங்கள் இனிப் பதினாறு வயசிலதான் எண்டு சொன்னனீங்கள். இந்தியாவில நல்ல மருந்து இருக்கு, அதுதான் கையில போட்டவை, நோகவும் இல்ல எண்டு பிள்ளையளின்ர அப்பாவுக்கு போன் எடுத்துச் சொன்னன். அண்டைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு நான் நித்திரை கொண்டன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டில் என்ன எழுதினேன் என்று அவளிடம் சொன்னேன். மன வருத்தம், ஆறுதல் கூறப்பட்டது என்று. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அதுவும் இருந்ததுதானே மிஸி" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று சூப்பர்வைசர் சாரிடம் கேட்டேன்.

"அது மேல போயிடுச்சும்மா. இப்ப போயி மாத்துனா எல்லாரையும் கேள்வி கேப்பாங்க. புள்ளைதான் ட்ரீட்மெண்டுல இருக்குதுல்ல."

"என்னைத்தானே கேப்பாங்க சார். கேக்கட்டும்."

கேட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் ஒரு கடிதம் வைத்தார். அதற்கப்புறம் பதில் ஏதும் வரவில்லை. மன்னித்துவிட்டார்களா, ஃபைலைத் தொலைத்துவிட்டார்களா என்று தெரியவில்லை.

இப்போது தர்சிகாவுக்கு, மாதம் ஒன்று என்பதற்குப் பதில், இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பென்சிலின் போடுகிறார்கள். முதல் ஊசிகளை ஜி.எச்.சில் போட்டு, ஒத்துக்கொள்கிறது என்று பார்த்த பிறகு இங்கே அனுப்பினார்கள். நான் ஓய்வு பெறும் வரை, டாக்டர் பக்கத்தில் நிற்க, நான்தான் போட்டேன். பால் மாதிரி கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் போகும். முதல் தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "நோகுது மிஸி" என்றாள். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. ஸ்கூலுக்குப் போகிறாள். ஓட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வால்வுக்கு ஆபரேஷன் தேவைப்படுமா என்பது வளர வளரத்தான் தெரியுமாம்.

6. மறுபடி முதலிலிருந்து

தர்சிகா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எனக்கு இன்னொரு பயம் வந்தது. அன்றைக்கு முதல் இரண்டு குடும்பத்தையும் சீக்கிரம் முடித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அவர்களிடம் நான் என்னென்ன தப்பாகக் கேட்டேனோ? யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஃபேக்டரி லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரும் வந்தார். போவதற்கு முன் மூன்று பேரும் உட்கார்ந்து, எந்த நோய்க்கு அங்கே என்ன பெயர் என்று ஒரு தாளில் எழுதினோம். புவனேஸ்வரிக்கே பாதி மறந்திருந்தது. கேம்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மொழி தெரியாத இடத்தில் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். தெரிந்த மொழியில்தான் ஏமாறுவோம். நோய் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை போனீர்கள், மாத்திரை என்ன கலர், ஊசி உடம்பில் எங்கே போட்டார்கள், தொட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பதில் நாம் எதிர்பார்த்த மாதிரியே வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அன்று அந்த வீட்டில் கேள்வி கேட்டவளும் நான், பதிலை எழுதிக்கொண்டவளும் நான். அவர்கள் சும்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஃபார்மேட் முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு ஒன்று கேளுங்கள். "நான் கேக்காம விட்டது எதாச்சும் இருக்குதுங்களா?" அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இதை முதல்முறையாகக் கேட்டேன். முதல் வீட்டில் அறுபது வயசுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். போன தடவை நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் மரியாதையாகத் தலையாட்டியும் கையசைத்தும் பதில் சொன்னார். அந்த மூன்று குடும்பத்தில் எனக்கு வேலை எளிதாக இருந்தது அவரிடம்தான். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, இருமல் இல்லை என்று முழுப் பக்கம் நிரப்பியிருந்தேன்.

இப்போது கேட்டதும் அவர் தலையாட்டினார். மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்டு இருக்கு மிஸி" என்றாள். "இவருக்கு ரெண்டு காதும் கேக்காது. அண்டைக்கும் நீங்கள் கேட்டது ஒண்டும் இவருக்குக் கேக்கேல்ல."

நான் அந்தப் பக்கத்தைக் குறுக்காக அடித்தேன். நாற்காலியை அவர் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, பேர் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.